உள்ளதைச் சொல்ல ஓர் அறை

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த மகளிர் நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வரவேற்புரையில் என் வயதில் பத்தைக் குறைத்துச் சொன்ன நூலகர் ஐயா அவர்களே, வேறொரு கூட்டத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, சால்வை போர்த்திய மகளிர் குழுத் தோழியரே, உட்காரச் சொன்னாலும் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தம்பிகளே, வணக்கம்.

தாம்பத்தியத்தில் பெண்கள் ஏன் உண்மையை மறைக்கிறார்கள் என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன்: கணவனிடம் மறைப்பது, மருத்துவரிடம் மறைப்பது, தனக்குத் தானே மறைப்பது.

"உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணுக்கு நோப்பாளம்" என்பார் என் அப்பாயி. நோப்பாளம் என்றால் கோபம்; உண்மையைச் சொன்னால் குறை உள்ளவருக்குத்தான் சுடும் என்று பொருள். பெண் பொய் சொல்கிறாள் என்று புலம்புகிறவர்கள், இதில் நொள்ளைக் கண் யாருடையது என்று மட்டும் கேட்பதில்லை.

2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைக் கேளுங்கள். இதுவரை எத்தனை பேரோடு உறவு என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். எழுதுவதைப் பிறர் பார்க்கக்கூடும் என்று நினைத்த பெண்களின் சராசரி 2.6. பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி பொருத்தியிருக்கிறது என்று நம்பிய பெண்களுக்கோ 4.4. உண்மையில் அந்தக் கருவி வேலையே செய்யவில்லை! ஆண்களின் எண்ணிக்கை 3.7இலிருந்து 4.0க்குத்தான் நகர்ந்தது. அவர்களுக்கு மறைக்க என்ன தேவை? ஆணுக்கு அது பெருமை, பெண்ணுக்கு அவப்பெயர்.

அமெரிக்காவை விடுங்கள். 2005இல் நடிகை குஷ்பு, திருமணத்துக்கு முந்திய உறவு பற்றி ஒரு பத்திரிகையிடம் தன் கருத்தைச் சொன்னார். தன் கதையைச் சொல்லவில்லை, கருத்தை மட்டுந்தான். 23 வழக்குகள்! 2010இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. நொள்ளைக் கண்ணுக்கு நோப்பாளம்.

இனி என் கதை. கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தபோது கெடிலத்துக் கரையில் ஒரு வீட்டுக்குப் போனேன். மருமகளிடம், "உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா அம்மா?" என்றேன். பதில் மாமியாரிடமிருந்து வந்தது: "அவளுக்கு ஒன்றும் இல்லை." அடுத்த கேள்விக்கும் அவரே. பிள்ளைக்கு இடைவெளி விடுவது பற்றிக் கேட்டேன். திண்ணையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த மாமனார் இருமினார். அந்த வீட்டில் அதுவும் ஒரு பதில்தான். மோர் குடித்துவிட்டுக் கிளம்பினேன், குடையை மறந்துவிட்டேன்.

பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பெண் குடையோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா" என்றாள், பிறகு பேச்சு வரவில்லை. பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸும் போனது. இரண்டு வருடமாக வலியாம், வெள்ளைப்படுதலாம். ஒரு நாள் கணவனிடம், "இப்படி வேண்டாம், வலிக்கிறது" என்று சொல்லியிருக்கிறாள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "எப்படி வேண்டும் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" அன்றிலிருந்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லிவந்தாளாம். நடிப்பு என்பீர்களா? நான் தற்காப்பு என்பேன்.

அதற்குப் பிறகு முப்பது வீடுகளிலாவது குடையை வேண்டுமென்றே மறந்திருக்கிறேன். (கைதட்டல்) இரண்டு குடைகள் திரும்பி வரவில்லை, அது வேறு கணக்கு.

1918இல் பாரதியைப் பிடித்து அடைத்தது நம் கடலூர்ச் சிறையில்தான். கற்பை இரு கட்சிக்கும் பொதுவில் வைக்கச் சொன்னவர் அவர். அதற்காகப் பிடிக்கவில்லை, அது தெரியும். ஆனால் ஆண்டு நூறு தாண்டியும் பொதுவில் வைத்தபாடில்லை.

ஆகவே நான் ஊர் ஊராகக் கேட்பது இதுதான். ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் கதவுள்ள ஓர் அறை. திரைச்சீலை வேண்டாம், கதவு; உள்ளே தாழ்ப்பாள். கூட வந்தவர் வெளியே நிற்க வேண்டும். ஒரு பெண் உள்ளதைச் சொல்ல எனக்குக் குடை தேவைப்படக் கூடாது.

தலைவர் அம்மா மணியைத் தொட்டுவிட்டார். மற்ற இரண்டு செய்திகளும் அடுத்த கூட்டத்துக்கு. மனு வாசல் மேசையில் இருக்கிறது. ஊர்ப் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். போன முறை பாதியைப் படிக்கவே முடியவில்லை.