மணி அடித்தது, ஒருவர் மட்டும் வரவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

துப்பறியும் கதை படிப்பவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. அவர்களுக்குத் துப்பாக்கியும் வேண்டாம், கார்த் துரத்தலும் வேண்டாம். கல்மதில் சூழ்ந்த ஒரு கிறிஸ்தவ மடம், நடுச்சாமத்தில் செபத்துக்கு எழுப்பும் மணி, விடிந்ததும் ஒரு பிணம். இவ்வளவு இருந்தால் போதும், புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்கள். அடியேனும் அந்த ரகம்தான்.

சாமியார்கள் வாழும் இடத்தில் கொலையா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. மேற்கு ஐரோப்பியத் துறவு வாழ்க்கைக்கு ஒழுங்குமுறை வகுத்துத் தந்தவர் இத்தாலியின் புனித பெனடிக்ட். 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்பார்கள். அவர் வரலாற்றை எழுதிய போப்பாண்டவர் பெரிய கிரகோரியார் என்ன சொல்கிறார் தெரியுமா? ஒரு மடத்துத் துறவிகள் தாங்களே வருந்தி அழைத்து அவரைத் தலைவராக்கினார்கள். அவருடைய கண்டிப்பு பொறுக்க முடியாமல், தாங்களே அவர் திராட்சை இரசத்தில் நஞ்சும் கலந்தார்கள். அவர் சிலுவை அடையாளம் வரைந்ததும் பாத்திரம் உடைந்து சிதறியதாம். அது அற்புதமோ கதையோ, பெனடிக்ட் மரபில் முதல் கொலை முயற்சிக்கு இலக்கானவர் பெனடிக்டேதான்! 12ஆம் நூற்றாண்டில் தத்துவ அறிஞர் அபெலார்டும், பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் தாம் தலைவராக இருந்த மடத்துத் துறவிகள் பூசைக்குரிய இரசத்திலேயே நஞ்சு வைத்ததாக எழுதிவைத்திருக்கிறார். ஆக, நாவலாசிரியர்கள் வெறுங்காற்றில் கதை கட்டவில்லை.

இந்த நஞ்சு விவகாரத்தைவிட எனக்கு ருசிகரமாகப் படுவது பெனடிக்ட் எழுதிய ஒழுங்குமுறை நூல். மொத்தம் 73 அத்தியாயம், சின்னப் புத்தகம். பக்தி நூலாகப் படித்தால் அது ஒன்று. துப்பறிபவர் கண்ணோடு படித்தால் வேறொன்று. எல்லோரும் கூடுமானவரை ஒரே கூடத்தில் தூங்க வேண்டும், உடுத்த உடையோடு. விடியும்வரை அங்கே ஒரு விளக்கு எரிய வேண்டும். கடைசி இரவுச் செபம் முடிந்தபின் யாரும் வாய் திறக்கக் கூடாது. செபத்துக்குப் பிந்தி வருபவர் தம் இடத்தில் நிற்கக் கூடாது. கடைசியிலோ எல்லோர் கண்ணிலும் படும்படி தனியாகவோ நிற்க வேண்டும். எழுதுகோல்கூடச் சொந்தமில்லை. பெற்றோரிடமிருந்து வந்த கடிதமானாலும் தலைவர் அனுமதியில்லாமல் வாங்க முடியாது. வாசலில் விவரமறிந்த ஒரு முதியவர் காவலிருப்பார்.

இப்படி ஓர் இடத்தில் குற்றம் நடந்தால்? கைரேகை தேவையில்லை, கேமரா தேவையில்லை. இரவும் பகலுமாக எட்டு வேளைச் செபம். எந்த வேளைக்கு யார் வரவில்லை, யார் மூச்சிரைக்க வந்தார், யார் செருப்பில் ஈரம், எல்லாவற்றுக்கும் இருபது முப்பது சாட்சி. இந்த வகைக் கதையின் உயிர் அந்தக் கால அட்டவணையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. இருட்டும் முக்காடும் மெழுகுவர்த்தியும் வெறும் மேல்பூச்சு. அதை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதியவர்களும் உண்டு; அவர்களை விட்டுவிடுவோம்.

இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர் எடித் பார்ஜெட்டர் என்ற ஆங்கிலப் பெண்மணி. எல்லிஸ் பீட்டர்ஸ் என்பது புனைபெயர். 1913இல் ஷ்ராப்ஷைரில் பிறந்து, 1995இல் அதே வட்டாரத்தில் மறைந்தார். இளவயதில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளராக வேலை பார்த்தவர். அந்த அனுபவம் பின்னால் நன்றாகவே கைகொடுத்தது. 1977இல் தொடங்கி 1994 வரை இருபது நாவல்கள். கதாநாயகர் சகோதரர் காட்ஃபேல். வேல்ஸ் நாட்டுக்காரர், சிலுவைப் போரில் சண்டையிட்டவர், கடலோடியாக அலைந்தவர். நடுவயது தாண்டி ஷ்ரூஸ்பரி மடத்தில் துறவியாகி மூலிகைத் தோட்டம் பார்த்துக்கொள்கிறார்.

அந்த மடம் கற்பனையில்லை. 1083இல் நிறுவப்பட்டது, 1540இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மூடப்பட்டது, கோயிலின் ஒரு பகுதியில் இன்றும் வழிபாடு நடக்கிறது. முதல் நாவலின் கருவும் நடந்த செய்திதான். அந்த மடத்துக்கென்று பெயர்பெற்ற புனிதர் யாரும் இல்லை. புனிதரின் எலும்பு போன்ற திருப்பண்டம் இருந்தால்தானே யாத்திரிகர் வருவார்கள், காணிக்கை சேரும்? 1130களின் இறுதியில் ராபர்ட் என்ற துணைத்தலைவர் வேல்ஸ் கிராமம் ஒன்றுக்குப் போய், புனித வினிஃப்ரெட்டின் எலும்புகளைத் தோண்டி எடுத்து வந்தார். ‘எங்க ஊர்ப் புனிதையை நீ யாரய்யா கொண்டுபோக?’ என்று அந்தக் கிராமத்தில் ஒருவர் குறுக்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கேள்வியிலிருந்துதான் நாவல் பிறக்கிறது.

மூன்றாவது நாவல் இன்னும் நுட்பம். ஒரு நிலக்கிழார் தம் பண்ணையை மடத்துக்கு எழுதிக்கொடுக்கிறார். பதிலுக்கு ஆயுள் முழுக்க வீடும் சாப்பாடும் மடத்தின் பொறுப்பு. அக்காலத்தில் இது சாதாரண ஏற்பாடு. பத்திரம் முத்திரையாகும் முன்பே ஆள் செத்துப்போகிறார். மூட்டுவலிக்கு வெளியே தேய்க்க காட்ஃபேல் தாமே காய்ச்சிய தைலம் அவர் சாப்பாட்டில் கலந்திருக்கிறது. தைலத்தில் இருப்பது நம் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் தொடாத, நாபி என்ற நச்சு இனத்துச் செடி. கொன்றது யார் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் கண்டுபிடித்தபின் காட்ஃபேல் அந்த ஆளைத் தூக்குமரத்துக்கு அனுப்புவதில்லை. சாகும்வரை பிறருக்கு நல்லது செய்து இந்தக் கடனைத் தீர் என்று போகவிடுகிறார். சட்டப்படி இது தவறு. ஆனால் பாவமன்னிப்பும் பரிகாரமும் அன்றாடப் பேச்சாக இருக்கும் ஒரு சமூகத்தில்தான் இப்படி ஒரு முடிவை எழுத முடியும். போலீஸ் கதையில் எழுதினால் சிரிப்பார்கள்.

குறையும் உண்டு. இருபது நாவலிலும் பெரும்பாலும் ஓர் இளம் காதல் ஜோடி வந்துவிடும், காட்ஃபேல் எப்படியாவது சேர்த்து வைத்துவிடுவார். கல்யாணத் தரகர் வேலை கொஞ்சம் அதிகம்.

இதற்கு நேரெதிர்த் துருவம் இத்தாலியப் பேராசிரியர் உம்பர்த்தோ எக்கோ 1980இல் வெளியிட்ட ‘ரோஜாவின் பெயர்’. 1327 நவம்பர், வடக்கு இத்தாலியில் ஒரு மலை மடம், ஏழு நாள். ஒவ்வொரு நாளையும் செப வேளைகளாகவே பிரித்திருக்கிறார். அட்டவணை கதையின் கூரையாகவே ஆகிவிட்டது. முதல் நூறு பக்கம் கனமாக இருக்கிறது, சுருக்குங்கள் என்று நண்பர்களும் பதிப்பகத்தாரும் சொன்னபோது எக்கோ மறுத்துவிட்டார். மடத்துக்குள் வந்து ஏழு நாள் தங்க நினைப்பவர் மடத்தின் நடைக்குப் பழகட்டும் என்பது அவர் வாதம். பழகாமல் மலையடிவாரத்திலிருந்தே திரும்பிய நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

இங்கே நிலத்துக்காகவோ காணிக்கைக்காகவோ யாரும் சாகவில்லை. ஒரு புத்தகத்துக்காகச் சாகிறார்கள். இது மிகையாகத் தோன்றலாம். அச்சு வராத காலத்தை நினைத்துப் பாருங்கள். 716க்கு முன் இங்கிலாந்து மடம் ஒன்றில் எழுதப்பட்ட ஒரு பெரிய பைபிளுக்கு ஐந்நூறு கன்றுகளுக்கு மேல் தோல் தேவைப்பட்டிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அப்படிப்பட்ட பொருளைப் பூட்டிவைப்பவர் கையில் அதிகாரம் இருக்கிறது. எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று அவரே முடிவு செய்கிறார். துப்பறிய வந்த பிரான்சிஸ்கன் துறவி வில்லியம், கொலைகளுக்குள் ஒரு வேத வசன ஒழுங்கைக் கண்டதாக நம்பி அதைப் பின்தொடர்ந்து சரியான ஆளிடமே போய்ச் சேர்கிறார். ஆனால் அந்த ஒழுங்கு அங்கே இருக்கவே இல்லை!

துப்பறியும் கதைக்கே வேட்டு வைக்கிற வேலை இது. காட்ஃபேல் படித்தால் மனசு ஆறுகிறது, எக்கோ படித்தால் தூக்கம் போகிறது. எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. மார்கழிக் குளிரில் முன்னது, விடுமுறை நீளமாகக் கிடைத்தால் பின்னது.

புதிதாகத் தொடங்குபவர்கள் காட்ஃபேல் வரிசையில் இரண்டாவது நாவலை எடுங்கள். 1138இல் ஸ்டீபன் மன்னர் ஷ்ரூஸ்பரிக் கோட்டையைப் பிடித்து 94 பேரைத் தூக்கிலிடுகிறார். பிணங்களை அடக்கம் செய்யப் போன காட்ஃபேல் எண்ணிப் பார்க்கிறார். கணக்கில் 95 வருகிறது.

மிச்சத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.