பள்ளிக்கூடமே சொல்லட்டும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, திருவிழாவுக்கு வந்திருக்கும் தக்கலை வட்டாரத்து உறவுகளே, வணக்கம்.

மாதவிடாய் பற்றிப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லித்தருவது வீடா, பள்ளிக்கூடமா? எதிரணி அக்கா, "தாயிடம் கேட்பதுபோல டீச்சரிடம் கேட்க முடியுமா?" என்றார். நல்ல கைதட்டல். சரி, அந்தத் தாய்க்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஊறுகாயைத் தொடாதே, சாமி அறைப் பக்கம் போகாதே என்று வீடு சொன்னது. உடம்புக்குள் நடப்பதைப் பற்றி ஒரு வரி சொன்னதா?

கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும், "விசேஷம் உண்டா?" என்று ஊரே கேட்கும். "பதினாலாம் நாளைப் பாத்துக்கோ, அப்பதான் கரு தங்கும்" என்பார் ஒரு மதினி. அது 28 நாள் சுழற்சி உள்ளவளுக்குத்தான் பொருந்தும். ரத்தம் பட்ட நாளை ஒன்று என்று எண்ண வேண்டும். கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு. 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவளுக்கு, அதுவும் இயல்பான சுழற்சிதான், ஏறக்குறைய 21ஆம் நாள். முட்டையின் ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். இது தெரியாமல் அவள் தப்பான வாரத்தை எண்ணுவாள், ஊர் அவளை மலடி என்னும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் நடுவர் அவர்களே, நம் கன்னியாகுமரி!

அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், தோல் உரித்துக்கொண்டே வலியைப் பொறுத்த அம்மா, மகளிடமும் "எல்லாருக்கும் உள்ளதுதான் மக்களே, பொறுத்துக்கோ" என்பார். பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் மணிக்கொரு நாப்கின் நனைந்தால், ஏழு நாளுக்கு மேல் ரத்தம் போனால், பள்ளிக்குப் போக முடியாதபடி வலித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இதற்குப் பிறகும் பொறுத்துக்கோ என்பதா?

"நீங்களே படிச்சுக்கோங்க" என்று அந்தப் பாடத்தைப் புரட்டிவிடும் ஆசிரியர்கள் உண்டு, மறுக்கவில்லை. அவரைக் கேட்கத் தலைமையாசிரியர் இருக்கிறார், பெற்றோர் கூட்டம் இருக்கிறது. வீட்டில் வாய் திறக்காத பெரியவர்களை எந்தக் கூட்டத்தில் கேட்பது?

அப்புறம், மகனுக்கு எந்த வீட்டில் சொல்கிறார்கள்? வகுப்பில் அவனும் உட்கார்ந்திருப்பான். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு கொண்டுவரும் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோம் என்று படிப்பான். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் மனைவியை ஏச அவனுக்கு நாக்கு வராது.

ஐந்தாம் வகுப்பிலேயே வயசுக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே அதற்கு முன்பே, பையன்களை வெளியே அனுப்பாமல், இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடமே நடத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி.