ஒரு பாடவேளைக்கு ஒரு பொருள்

ஆசிரிய நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அருங்காட்சியகங்களும் ஆவணக் காப்பகங்களும் இணையத்தில் திறந்து வைத்திருப்பதை வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்துவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தளங்களைப் பட்டியல் போட ஆரம்பித்தால் இன்று முடியாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் 3,75,000 படங்களை, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று விட்டது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் குழுமம் 2020இல் 28 லட்சம் படங்களையும் முப்பரிமாண மாதிரிகளையும் அப்படியே விட்டது. ஆக, படத்துக்குப் பஞ்சமில்லை. நேரத்துக்குத்தான் பஞ்சம். அதனால் நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: ஒரு பாடவேளைக்கு ஒரு பொருள். அதையே பார்க்க வையுங்கள், அதைப் பற்றி அருங்காட்சியகம் எழுதி வைத்திருக்கும் பதிவையும் படிக்க வையுங்கள்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற இடத்தில் எடுத்த புகைப்படம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நடுவில் ஒரு தாய், கன்னத்தருகே கை. இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் தோளில் சாய்ந்திருக்கிறார்கள். மடியில் கைக்குழந்தை. 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் என்று பாடம் வந்தால் இந்தப் படமும் வந்துவிடும். பாடப்புத்தகத்தில் அத்தோடு முடிந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்துக்குப் போனால்தான் கதை ஆரம்பிக்கிறது. அதே இடத்தில் அதே குடும்பத்தை லாங்கே எடுத்த மற்ற படங்களும் அங்கே இருக்கின்றன. தள்ளி நின்று எடுத்த படத்தில் கூடாரம் தெரிகிறது, பதின்வயது மகள் ஒருத்தியும் தெரிகிறாள். புகழ்பெற்ற படத்தில் அவள் கிடையாது. எல்லாவற்றையும் அச்செடுத்து மாணவர்களிடம் கொடுத்து, கேமரா எப்படி நெருங்கி வந்திருக்கும், வரிசைப்படுத்துங்கள் என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம், பத்திரிகை ஆசிரியராக இருந்தால் எதைப் போடுவாய், ஏன் என்று கேளுங்கள். புகைப்படமும் யாரோ எடுத்த முடிவுதான் என்பதை நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

இதுவரைக்கும் படவிளக்கத்தைக் காட்டாதீர்கள். காட்டிவிட்டால் பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த நூலகமே ஆசிரியர்களுக்கென்று ஒரு தாள் வைத்திருக்கிறது. கவனி, யோசி, கேள் என்று மூன்று கட்டம். எளிமையாகத் தெரிந்தாலும் முதல் இரண்டையும் பிரிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். 'அந்த அம்மா கவலையாக இருக்கிறார்' என்று முதல் கட்டத்தில் எழுதினால், அது யோசித்தது, கவனித்ததல்ல. நெற்றியில் சுருக்கம், கிழிந்த சட்டைக் கை, இதெல்லாம்தான் கவனித்தது. இந்த வேறுபாடு ஒரு மாணவனுக்குப் பிடிபட்டுவிட்டால், நாளைக்கு அவன் கைப்பேசியில் வந்து விழும் படங்களையும் வேறு மாதிரி பார்ப்பான்.

இப்போது படவிளக்கத்தைக் காட்டலாம். வறுமையில் வாடும் பட்டாணி பறிக்கும் தொழிலாளர்கள், ஏழு பிள்ளைகளின் தாய், வயது முப்பத்திரண்டு. பிள்ளைகளின் எண்ணிக்கை இருக்கிறது, வயது இருக்கிறது, பெயர் இல்லை. லாங்கே கேட்கவே இல்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெயர் உலகத்துக்குத் தெரிய 1978 வரை ஆகிவிட்டது. அவர் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி வழி வந்தவர் என்பதும் தாமதமாகத்தான் தெரிந்தது. உலகமே பார்த்த முகத்துக்கு நாற்பது ஆண்டுக்கும் மேலாகப் பெயரில்லை என்றால் அது வரலாற்றுப் பாடமா, மொழிப் பாடமா, குடிமையியலா? எந்த ஆசிரியர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அறிவியல் ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நிலவுக்குப் போன அப்போலோ 11 விண்கலத்தில் வீரர்கள் இருந்த கொலம்பியா பகுதியை ஸ்மித்சோனியன் முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. அதன் உட்புறத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சுவரில் வீரர்களின் கையெழுத்து. கணக்குக் குறிப்புகள், கையால் வரைந்த சிறு நாட்காட்டி, ஒவ்வொரு நாளும் முடிய முடிய அடித்த கோடு. ஒரு சேமிப்புப் பெட்டியின் மேல் 'நாறும் கழிவு' என்று எச்சரிக்கை வேறு. வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். மூன்று பேர் அந்த இடுக்கில் எட்டு நாள் எப்படி இருந்தார்கள் என்ற கேள்வி தானாக வரும்.

திரையில் ஒரு குறை உண்டு. எல்லாம் ஒரே அளவாகிவிடும். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியம் சுமார் 380 சென்டிமீட்டர் உயரம், 450 அகலம். அங்கேயே இருக்கும் வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' ஓவியம் சுமார் 45 சென்டிமீட்டர் உயரம்தான். பதிவில் அளவு போட்டிருப்பார்கள். சாக்பீஸைக் கொடுத்து இரண்டையும் உண்மையான அளவில் வரையச் சொல்லுங்கள். சின்னது கரும்பலகையில் ஒரு மூலைக்குள் அடங்கும், பெரியதற்கு வகுப்பறையின் ஒரு சுவரே வேண்டும்.

மெய்நிகர் சுற்றுலா பற்றிக் கேட்பீர்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அம்புக்குறியை அழுத்தி அழுத்திக் கூடம் கூடமாகப் போவதில் தரையும் கதவும்தான் நிறையத் தெரியும்.

பதிவுக்கு வருவோம். ஒரு பொருள் அருங்காட்சியகத்துக்கு எப்படி வந்தது என்று பதிவில் ஒரு வரி இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1897இல் ஆங்கிலேயப் படை இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரைப் பிடித்து, அரண்மனையின் பித்தளைச் சிற்பங்களையும் தந்த வேலைப்பாடுகளையும் வாரிக்கொண்டு போனது. அவை பல நாடுகளுக்குச் சிதறின. டிஜிட்டல் பெனின் என்ற தளம் 2022இல் தொடங்கியபோதே 20 நாடுகளின் 131 நிறுவனங்களில் இருக்கும் 5,000க்கும் மேற்பட்ட பொருள்களின் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்திருந்தது. அங்கே இரண்டு நிறுவனங்களின் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று எதைச் சொல்கிறது, மற்றது எதை விட்டுவிட்டது என்று பார்க்கச் சொல்லலாம். உயர்நிலை மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஒப்பீட்டுப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, நடைமுறை. வகுப்பில் இணையத்தை நம்பாதீர்கள். படத்தை முந்தைய நாளே பெரிய அளவில் இறக்கி வையுங்கள். பயன்பாட்டு உரிமை என்ன என்று ஒருமுறை பாருங்கள், இணையத்தில் இருப்பதெல்லாம் பொதுச்சொத்து அல்ல. கூடவே அந்தப் பொருளுக்கு அருங்காட்சியகம் கொடுத்திருக்கும் சேகரிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்க முகவரி மாறினாலும் எண்ணை வைத்துத் தேடி எடுத்துவிடலாம்.