ஒரு மாடும் நூறு கழுகும்
(நாகர்கோவில் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, பின்வரிசையில் இடம்பிடித்திருக்கும் மாணவ மாணவியரே, வணக்கம்.

பிணந்தின்னிக் கழுகு என்று சொல்லும் பாறு கழுகைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "நம் ஊரில் இல்லாத பறவைக்கு இங்கே எதற்கு அண்ணாச்சி கூட்டம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இனமே இங்கு வந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. 2017 இல் ஒக்கிப் புயல் நம் வாழையையும் ரப்பரையும் முறித்துப் போட்டபோது, எங்கோ வடக்கே குளிர்காலத்தைக் கழித்திருக்க வேண்டிய ஒரு பெரிய கரும் பாறு கழுகு வழிதவறி நம் மாவட்டத்தில் வந்து சேர்ந்தது. வனத்துறையினர் அதை மீட்டுப் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில் வைத்துப் பராமரித்தார்கள். புயலின் பெயரே அதற்கும் பெயராயிற்று. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் புலியூர்க்குறிச்சிவாசியாக இருந்துவிட்டு, 2022 இல் விமானம் ஏறி ஜோத்பூர் போய்ச் சேர்ந்தது. நம்மில் பலர் இன்னும் விமானம் ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

ஒக்கி விருந்தாளி. நான் பேச வந்தது இந்த நாட்டின் சொந்தக்காரரைப் பற்றி: வெண்முதுகுப் பாறு கழுகு. 1980களில் உலகத்திலேயே எண்ணிக்கை மிகுந்த பெரிய இரைகொல்லிப் பறவை இதுதான் என்று எழுதினார்கள். டெல்லியின் சாலையோர மரங்களில்கூடக் கூடு கட்டியது.

முதலில் ஒரு பழியைத் துடைத்துவிடுகிறேன். கழுகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பாட்டிமார் பயமுறுத்துவார்கள். பாறு கழுகால் ஓர் எலியைக்கூடத் தூக்க முடியாது. அதன் கால் நடப்பதற்கு ஏற்றது. விரல்களில் பிடிமானம் இல்லை, நகங்கள் மழுங்கியவை. கோழிக்குஞ்சைக் கவ்வுவது பருந்து. முட்டத்திலும் குளச்சலிலும் மீன் ஏலக்களத்துக்கு மேலே வட்டமிடுவதும் பருந்துதான். பாறு கழுகு உயிருள்ள எதையும் வேட்டையாடுவதில்லை என்றே சொல்லலாம். செத்தது மட்டும்தான் அதன் சாப்பாடு.

அந்த ஒரே உணவுக்காகவே அதன் உடம்பு முழுவதும் அமைந்திருக்கிறது. தலையும் கழுத்தும் ஏறக்குறைய மொட்டை. சடலத்துக்குள் தலையை நுழைத்து எடுத்தால் இரத்தம் இறகில் ஒட்டி அழுகக்கூடாதல்லவா? வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. நம்மைப் படுக்கையில் தள்ளும் கிருமிகள் பல அங்கே பிழைப்பதில்லை. இறக்கையை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல் வரும். அதை அடித்துப் பறப்பது பெரும் செலவு. ஆகவே வெயில் ஏறும்வரை மரத்திலேயே உட்கார்ந்திருந்து, தரை சூடாகி எழும் காற்றில் ஏறி, அதன்பின் அசையாமல் மிதக்கும். மூக்கால் இது இரை தேடுவதில்லை, கண்தான் எல்லாம்.

இங்கே எனக்கு இராமாயணத்தில் வரும் சடாயுவின் அண்ணன் சம்பாதி நினைவுக்கு வருகிறார். தென்கடற்கரையில் வழி தெரியாமல் உயிர்விடத் துணிந்து உட்கார்ந்த வானரங்களைப் பார்த்து, முதலில் 'நமக்கு உணவு வந்தது' என்றுதான் அந்தக் கிழட்டுக் கழுகு மகிழ்கிறது. பிறகு சடாயுவின் பெயர் காதில் விழுகிறது. சிறகு கருகிப் பறக்க முடியாத நிலையிலும், நூறு யோசனைக்கு அப்பால் இலங்கையில் சீதை இருப்பதைக் கண்ணால் கண்டு சொல்கிறது. கதை சொன்னவர்கள் கழுகைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் கண் இரையை மட்டும் பார்ப்பதில்லை. அடுத்த கழுகையும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒன்று சடாரென்று இறங்கினால் தொலைவில் மிதப்பது திரும்பும். அதைப் பார்த்து இன்னொன்று. பந்திக்கு இலை போட்ட செய்தி போல வானம் முழுவதும் பரவிவிடும். ஒரு மாட்டைச் சுற்றிப் பல பத்துக் கழுகுகள் கூடுவது வழக்கமாக இருந்தது.

அதைக் கொன்றதும் இந்தப் பழக்கம்தான். 1990களில் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து மலிவாகக் கால்நடைகளுக்குக் கிடைத்தது. ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு செத்தால் மருந்து இறைச்சியில் தங்கியிருக்கும். அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழக்கும். வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள் மேல் வெள்ளைப் படிவாக உறையும். சில நாட்களில் மரத்திலிருந்து விழும். பாகிஸ்தானில் நடந்து 2004 இல் வெளியான ஆய்வுதான் இந்தக் காரணத்தைப் பிடித்துக் கொடுத்தது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். ஏன்? அந்த ஒரு சடலத்தின் மேல் உட்காருவது ஒரு கழுகு இல்லையே! 1992 க்கும் 2007 க்கும் இடையில் இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது.

இந்தியா 2006 இல் கால்நடைக்கு இம்மருந்தைத் தடை செய்தது. உடனே மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015 இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைக்க வேண்டியிருந்தது. 2023 இல், இதேபோல் கழுகைக் கொல்லும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளும் கால்நடைக்குத் தடைசெய்யப்பட்டன. இத்தனைக்கும் மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மாற்று மருந்து கையில் இருந்தது. தடை ஒவ்வொன்றும் பிணம் விழுந்தபின் வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. மாடு வளர்ப்போர் இங்கே இருந்தால் மருந்துக்கடையில் மெலாக்சிகாம் என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி, "மாயாற்றுக் கழுகு இங்கே வருமா, ஐயா?" என்று கேட்டார். நீலகிரிக்குக் கீழே மாயாற்றின் கரையில், நீர்மருதுகளின் உச்சியில் இவை இன்றும் கூடு கட்டுகின்றன. அங்கிருந்து இங்கு வானவழி நானூறு கிலோமீட்டருக்குள்தான். மிதந்து செல்லும் பறவைக்கு அது பெரிய தூரமில்லை. ஆனால் வந்து என்ன தின்னும்? நம் மாவட்டத்தில் மாடு கிழமாவதற்குள் விலைக்குப் போகிறது. செத்தால் குழிக்குள் போகிறது. தப்பித்தவறி ரப்பர் காட்டில் விழுந்தால் வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே திறந்த வெளி இருக்கிறது. அங்கே காற்றாலைகளும் இருக்கின்றன. மேலும், ஒரு சோடி ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு பருவத்துக்கு வர ஐந்து ஆண்டுகள் ஆகும். அந்த மாணவிக்குப் பேத்தி பிறக்கும் காலத்தில் வேண்டுமானால் கேட்கலாம் என்றேன். அவர் திருப்தியடையவில்லை; வனத்துறைக்கு எழுதிக் கேட்கப் போவதாகச் சொல்லி முகவரி வாங்கிக்கொண்டு போனார்.