பழைய காட்டுத்தீ கண்காணிப்பு டவர் இருந்த இடத்துல பாக்க என்ன இருக்கு?

அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்காரு, "அமெரிக்காவுல மலை உச்சியில பழைய ஃபயர் லுக்அவுட் டவர் இருந்த இடத்த மேப்ப பாத்து தேடிப் போனா நாலு கான்கிரீட் கட்டைதான் கெடக்கு, இதுல பாக்க என்ன இருக்கு, இன்னும் நிக்கிற டவர்ல ஏறலாமா"ன்னு.

நல்ல கேள்விங்க. அந்த நாலு கட்டையில இருந்தே ஆரம்பிக்கலாம். மொதல்ல டவர் ஏன் இல்லாம போச்சுன்னு தெரியணும். 1910 ஆகஸ்ட்ல ஐடஹோ, மான்டானா பக்கம் ரெண்டே நாள்ல கிட்டத்தட்ட 30 லட்சம் ஏக்கர் எரிஞ்சு போச்சு, கொறைஞ்சது 85 பேர் செத்தாங்க, அதுல பெரும்பாலானவங்க தீய அணைக்கப் போனவங்க. அதுக்கப்புறம்தான் தீய சின்னதா இருக்கும்போதே கண்டுபிடிக்கணும்னு உச்சிக்கு உச்சி ஆள் போட ஆரம்பிச்சாங்க, 1933ல இருந்து 1942 வரைக்கும் சிசிசின்னு வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசாங்கம் வேலை குடுத்த திட்டத்துல வந்த பசங்க நெறைய டவர் கட்டுனாங்க. அப்புறம் விமானம், ரேடியோ எல்லாம் வந்ததும் ஆள் தேவை கொறைஞ்சது, காலியா நின்னா யாராவது ஏறி விழுந்துடுவாங்கன்னு வன இலாகாவே பல மர டவர கொளுத்தி விட்டுட்டாங்க. அதனாலதான் அங்க உருகுன கண்ணாடி, கருகுன ஆணியெல்லாம் கெடக்கும்.

அந்த நாலு கட்டை மேலதான் கட்டடத்தோட காலுங்க நின்னுருக்கும், இப்ப கட்டைக்கு நடுவுல இருக்கற தூரத்த அளந்து பாருங்க. காவலுக்கு இருந்த ஆள் தங்குற கேபின் அந்தக் காலத்துல ரொம்ப பரவலா 14க்கு 14 அடி, கட்டைங்க அந்த அளவுக்கே இருந்தா பெரும்பாலும் தரையோட ஒட்டுன கேபின், அதவிட நல்லா விரிஞ்சு இருந்தா மேல உயரமா ஏதோ நின்னுருக்குன்னு யூகிக்கலாம். நடுவுல நின்னு சுத்திப் பாருங்க. ஏறக்குறைய அதே இடத்துலதான் ஆஸ்போர்ன் ஃபயர் ஃபைண்டர் இருந்திருக்கும், வட்டமான மேப் மேசை, ஓரத்துல டிகிரி போட்ட வளையம், பொக தெரியற திசைய பாத்து டிகிரிய போன்ல சொல்லுவாங்க, இன்னொரு டவர்க்காரரும் சொல்லுவாரு, ரெண்டு கோடும் எங்க வெட்டுதோ அங்கதான் தீ. அந்தப் போன் லைன் இன்னும் கெடைக்கும்ங்க! பழைய பாதை ஓரமா மரத்த மேல பாத்துட்டே எறங்குங்க, கம்பிய மரத்துல தாங்கிப் புடிக்கற பீங்கான் இன்சுலேட்டர் தொங்கும், கம்பிய மரமே முழுங்கி வளந்திருக்கும். கம்பிய வேணும்னே தொளதொளன்னு விடுவாங்க, மரம் விழுந்தாலும் அறாம எறங்கிக் குடுக்கணும்னு. எனக்கு டவரவிட இந்த லைன்தான் ரொம்ப புடிக்கும், ஆனா புல்லுக்குள்ள கெடக்கறது கால தட்டி விட்டுடும், பாத்து.

இன்னொன்னு கண்டிப்பா பண்ணுங்க. 1930கள்ல பல உச்சியில இருந்து சுத்துப்புறம் முழுக்க ஃபோட்டோ எடுத்து வச்சிருக்காங்க, நெறைய ஸ்கேன் ஆகி நெட்லயே இருக்கு, உங்க உச்சிக்கு இருந்தா போன்ல போட்டுட்டுப் போய் அதே எடத்துல நின்னு ஒப்பிட்டு பாருங்க. பல எடத்துல அப்ப வெட்டவெளியா புல்லா தெரிஞ்சது இப்ப அடர்ந்த காடா இருக்கும். 1935ல இருந்து எந்தத் தீயா இருந்தாலும் மறுநாள் காலைல 10 மணிக்குள்ள கட்டுப்படுத்தணும்னு கொள்கை வச்சிருந்தாங்க, அப்பப்ப சின்னச் சின்னதா எரிஞ்சு கழியவேண்டியதெல்லாம் எரியாம சேந்துடுச்சு, இப்ப தீ புடிச்சா பெருசா புடிக்கறதுக்கு அது ஒரு முக்கியமான காரணம். இத புத்தகத்துல படிக்கறதவிட அந்த உச்சியில நின்னு பாத்தா சட்டுனு புரியும்.

ஏறலாமான்னு கேட்டீங்கல்ல, கைவிட்ட டவர்னா வேண்டவே வேண்டாம். மரப்படி மேல நல்லாத் தெரியும், உள்ள உளுத்திருக்கும். இரும்பு டவர்ல கீழ் படிக்கட்ட கழட்டியிருந்தா அது யாரும் ஏறக்கூடாதுன்னே கழட்டுனது, ஏணி கொண்டு போயெல்லாம் ஏறாதீங்க. அப்புறம் அங்க கெடக்கற இன்சுலேட்டர், கண்ணாடி எதையும் எடுக்காதீங்க, ஃபெடரல் காட்டுல பழைய பொருள எடுக்கறது சட்டப்படி குத்தம், அதோட அது எந்த எடத்துல கெடக்குதுங்கறதுதான் விஷயமே, வீட்டு அலமாரிக்குப் போயிட்டா வெறும் கண்ணாடி. மேல இருந்து பாக்கணும்னு ஆசையா இருந்தா, சரிபண்ணி வச்சிருக்கற சில லுக்அவுட்ல ராத்திரி தங்கறதுக்கே வன இலாகா வாடகைக்கு விடுறாங்க, ரெக்ரியேஷன் டாட் கவ் சைட்ல பாருங்க, சீக்கிரம் புக் ஆயிடும், முன்னாடியே ப்ளான் பண்ணிக்கோங்க. கோடைல போறதா இருந்தா காலைலயே ஏறிடுங்க, மத்தியானம் இடி மேகம் கட்டுறதுக்குள்ள உச்சிய விட்டு எறங்கிடணும்.