அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை

(ஞாயித்துக்கிழமை நூலக ஹால்ல பேசினது. நடுவுல கரண்ட் போனப்ப பேசினது ரெக்கார்ட் ஆகல, மத்ததெல்லாம் இருக்கு.)

எல்லாருக்கும் வணக்கம். போஸ்டர்ல ‘ஏலியன் வந்தாங்களா?’ன்னு பெருசா போட்டுட்டாங்க, அதை நம்பி வந்த பசங்க மன்னிக்கணும், வந்தாங்கன்னு ஒருத்தர் சொன்னா எதை வச்சு நம்புறதுன்னு தான் பேசப்போறேன்.

வழக்கமா என்ன கேப்பாங்க? “சார், பாத்தவர் மிலிட்டரி ஆபீசர், அவர் எதுக்கு பொய் சொல்லணும்?” சரி, பொய்யே இல்லன்னு வச்சுக்குவோம். 1980 டிசம்பர், இங்கிலாந்துல சஃபோக் பக்கம் ரெண்டல்ஷாம் காடு, ஒட்டினாப்ல அமெரிக்க விமானப்படை இருந்த தளம். 26ம் தேதி விடியக்காலை மூணு மணி வாக்குல காவல்ல இருந்தவங்க காட்டுக்குள்ள வெளிச்சம் இறங்குறதைப் பாக்குறாங்க. ரெண்டு நாள் கழிச்சு தளத்தோட துணை கமாண்டர் சார்லஸ் ஹால்ட்டே ஆளுங்களோட உள்ள போறார், கதிரியக்கம் அளக்குற கீகர் கவுன்டர், டேப் ரெக்கார்டர் சகிதமா. தரையில மூணு பள்ளம், மரத்துல காயம், தூரத்துல மினுக்கு மினுக்குன்னு ஒரு வெளிச்சம். 1981 ஜனவரி 13 தேதி போட்டு மெமோவே எழுதினார்.

ஆனா அந்த டேப் இருக்கு பாருங்க, அது தான் காட்டிக் குடுத்துச்சு. வெளிச்சம் திரும்ப வருதுன்னு சொல்ற இடங்களை வாட்ச் வச்சுப் பாத்தா இடைவெளி அஞ்சு செகண்ட். காட்டுலேர்ந்து கிழக்கால எட்டு பத்து கிலோமீட்டர்ல கடலோரம் ஆர்ஃபர்ட்னெஸ் லைட்ஹவுஸ், அதுவும் அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை தான் மின்னும். மரத்துக் காயம், வெட்டவேண்டிய மரம்னு கோடாலியால போட்ட அடையாளம். பள்ளம், முயல் பறிச்சதுன்னு அங்கயே வேலை பாத்த வனத்துறை ஆள் சொல்லிட்டார். முதல் ராத்திரி அதே மூணு மணிக்கு தெற்கு இங்கிலாந்து வானத்துல பெரிய எரிகல் வேற போயிருக்கு.

ஹால்ட் இதை ஏத்துக்கல, 2010ல வேற்றுகிரகம் தான்னு எழுதி கையெழுத்தே போட்டுக் குடுத்தார். அவரைப் பொய்யர்னு நான் சொல்லமாட்டேன், அந்தக் குளிர்ல, ஏற்கனவே பசங்க எதையோ பாத்து பயந்த காட்டுக்குள்ள போனா நானெல்லாம் மின்மினியைப் பாத்தே ஓடியிருப்பேன்.

இப்ப இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. 1768ல பிரான்ஸ்ல வானத்துலேர்ந்து கல் விழுந்துச்சுன்னு கிராமத்து ஆளுங்க சொன்னாங்க. நவீன வேதியியலோட தந்தைன்னு சொல்ற லவாய்சியரும் கூட ரெண்டு பேரும் சோதிச்சுட்டு, தரையில கிடந்த கல்லு மேல இடி விழுந்திருக்குன்னு முடிச்சுட்டாங்க. லவாய்சியர்! அதுக்கப்புறம் 1798ல நம்ம காசிப் பக்கம் கல் விழுது, அது லண்டனுக்குப் போய், எட்வர்ட் ஹோவர்ட்ங்கிற வேதியியலாளர் 1802ல அதையும் வேற வேற நாட்டுல விழுந்த கல்லுங்களையும் சேத்து சோதிச்சா எல்லாத்துலயும் நிக்கல், அதாவது எங்க விழுந்தாலும் ஒரே மாதிரி கல். அடுத்த வருஷம் ஏப்ரல் 26, நார்மண்டியில லேகிள்ங்கிற ஊர்ல மூவாயிரம் கல் கிட்ட கொட்டுது. பியோன்னு ஒரு இளம் விஞ்ஞானி நேர்ல போய், ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஆளுங்களை விசாரிச்சு, விழுந்த இடத்தை மேப் போட்டு, இந்த மாதிரி கல் இந்தப் பக்கத்துல முன்ன யார்கிட்டயும் இருந்ததில்லன்னும் உறுதி பண்ணார்.

அங்க ஆபீசர் சாட்சி, ஆனா தப்பு. இங்க விவசாயி சாட்சி, ஆனா சரி. வித்தியாசம் அந்தக் கல்லு தான், சாட்சியை வெளிய அனுப்பிட்டாலும் அது மேஜை மேல கிடக்கும்.

“அப்ப என்ன குடுத்தா நம்புவீங்க?”ன்னு பின்னாடி ஒரு அக்கா கேட்டாங்க. அவங்க வந்த வண்டியிலேர்ந்து உடைஞ்ச ஒரு துண்டு குடுங்கக்கா, மூணு நாட்டு லேபுக்கு அனுப்புவோம். மெக்னீசியம்னா பூமியில எங்க எடுத்தாலும் 24, 25, 26ன்னு மூணு ஐசோடோப், அதாவது ஒரே தனிமம் தான், அணுவோட எடை மட்டும் வேற, ஏறக்குறைய 79, 10, 11 சதவீதம். துண்டுல அந்தக் கணக்கு பெருசா மாறியிருந்து மூணு லேபும் அதையே சொன்னா, எனக்கு அன்னிக்கு தூக்கம் வராது. அப்பவும் மிஞ்சிப்போனா அது வெளியேர்ந்து வந்துச்சுன்னு தான் ஆகும், யாரோ ஓட்டிட்டு வந்தாங்கன்னு ஆகாது, அதுக்கு தனியா வேற ஆதாரம் வேணும்.

முன் வரிசைப் பையன், அந்த லைட்ஹவுஸ் இப்ப இருக்கான்னான். இல்லப்பா, கடல் அரிச்சுக்கிட்டே வந்ததால 2013ல விளக்கை அணைச்சுட்டாங்க, 2020ல இடிச்சுட்டாங்க. அதனால இனிமே அந்தக் காட்டுல யாராவது அதே திசையில அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை மின்னுறதைப் பாத்தேன்னு சொன்னா, ராத்திரி எத்தனை மணியானாலும் பரவால்ல, எனக்கு போன் போடு.