எதைத் தொடங்கினாலும் இரண்டு கிழமைக்கு மேல் நிற்பதில்லை: ஒரு தங்கச்சியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு ஒரு கேள்வியை மட்டும் எடுத்திருக்கிறேன். சாவகச்சேரியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். வயது இருபத்துநாலு, அம்மா அப்பாவோடு இருக்கிறார். வாழ்க்கை முறையை மாற்றிப் பார்ப்போம் என்று ஒரு திங்கட்கிழமை தொடங்கினாராம். சீனி இல்லை, மச்சம் இல்லை, காலமை நாலரைக்கு எழும்புவது, இரவு எட்டு மணிக்குப் பிறகு போன் இல்லை, தேவையில்லாத கடைச் சாமான் வாங்குவதில்லை. பன்னிரண்டாம் நாள் எல்லாமே விட்டுப்போய்விட்டது. "உனக்கு எதுவுமே நிலைக்காது" என்று அம்மா சொன்னாராம். "எனக்கு மனவுறுதி இல்லையா அண்ணா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, மனவுறுதி இல்லாத ஆள் ஐந்து விஷயத்தை ஒன்றாகப் பன்னிரண்டு நாள் பிடித்திருக்க மாட்டார். அந்தக் கவலையை முதலில் விடுங்கள்.

நல்லூர்க் கந்தசாமி கோயிலில் கொடியேறினால் எங்களுடைய வீடுகளில் என்ன நடக்கிறது? திருவிழா நடக்கிற 25 நாளும் மச்சம் கிடையாது. மச்சச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துத் தனியாக வைத்துவிடுவார்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காது என்கிற மனிதரும் மரக்கறியோடு பேசாமல் சாப்பிட்டு எழும்புகிறார். பக்தி பெரிய காரணம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டையும் பாருங்கள். தொடங்கும் நாள் தெரியும், முடியும் நாளும் தெரியும். விடுவது ஒரேயொரு விஷயம். வீடு முழுக்க அதற்கேற்றபடி மாறுகிறது. கந்தசஷ்டியும் அப்படித்தான். ஆறு நாள் விரதம், சூரன்போர், பிறகு விரதத்தை முடித்துச் சாப்பிடுகிற பாறணை. கடுமையாக விரதம் இருக்கிற பிள்ளைகூட ஆறாம் நாள் வரை தாக்குப்பிடிக்கிறது, ஏனென்றால் பாறணை எப்போது என்று அதற்குத் தெரியும்.

உங்கள் திங்கட்கிழமைக்குப் பாறணை நாள் இல்லை. "இனிமேல்" என்று தொடங்கிவிட்டீர்கள். அதுவும் ஐந்து விரதத்தை ஒரே நாளில்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று நிறைய வீடியோக்களில் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் 1960இல் எழுதியதிலிருந்து வந்தது. முகத்தில் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் எடுக்கிறது என்றுதான் அவர் கவனித்தார். பின்னர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சிறிய ஓட்டம், இப்படி ஆளுக்கு ஒன்றே ஒன்று. யோசிக்காமலே செய்கிற நிலை வர நடுக்கணக்காக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதையும் கண்டார்கள். நீங்கள் பன்னிரண்டாம் நாள் ஒன்றைத் தவறவிட்டதும் மற்ற நாலையும் சேர்த்து விட்டீர்கள் அல்லவா, அதற்குத் தேவையே இருக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றினால் என்ன ஆகும் என்பதை 2021இல் நாங்கள் தோட்டத்திலேயே பார்த்தோம். இரசாயன உரம் இறக்குமதி செய்யக்கூடாது, நாடு முழுக்க இயற்கை விவசாயம் என்று அரசாங்க உத்தரவு வந்தது. இயற்கை விவசாயம் நல்லது என்று நம்புகிற ஆள் நான். ஆனால் ஒரு பரப்பில் செய்து பார்த்து, மண் எப்படி இருக்கிறது, சாணமும் குழையும் எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்து நகர வேண்டிய விஷயம் அது. அந்த வருடம் நவம்பரிலேயே தடையை எடுக்க வேண்டி வந்தது. அதற்குள் "இயற்கை" என்ற சொல்லே பல தோட்டக்காரருக்குக் கசந்துபோய்விட்டது. அவசரப்பட்டால் நல்ல விஷயத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும், எனக்கு அதுதான் கவலை.

என்னுடைய அனுபவத்தையும் சொல்கிறேன். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர்தான் என்று வந்தபோது அப்பாவின் சைக்கிளை எடுத்தேன். கோண்டாவிலிலிருந்து டவுனுக்குப் போய்வருவேன். முதல் கிழமை தொடை வலி. பெற்றோல் வந்த பிறகும் சந்தைக்கும் கோயிலுக்கும் சைக்கிள்தான், அது நிலைத்துவிட்டது. ஆனால் நாலு மணிக்கு எழும்புவதை ஒரு மாதம் செய்து பார்த்தேன், பின்னேரமானால் பிள்ளைகளோடு எரிந்து விழுந்தேன். மாத முடிவில் விட்டுவிட்டேன். எனக்கு அது சரிவராது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த ஒரு மாதம்.

அப்புறம் அம்மா. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். தொண்ணூறுகளில் யுத்தத்தோடு பொருளாதாரத் தடை இருந்தபோது ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுக் குப்பி விளக்கில் படித்த தலைமுறை அது. சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தவர்கள். மகள் வந்து "சீனி வேண்டாம், கடைச் சாமான் வேண்டாம்" என்றால் அவருக்கு அந்தக் காலம்தான் ஞாபகம் வரும். பிள்ளைக்கு அந்தக் குறை வரக்கூடாது என்றுதானே இவ்வளவு காலமும் பாடுபட்டார். அதனால் அவரிடம் கொள்கை பேசாதீர்கள். சீனியை விடுகிற முறை வரும்போது, "அம்மா, நாளை தொடக்கம் முப்பது நாளுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடவேண்டாம், முப்பத்தோராம் நாள் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். விரதம் என்றால் வீட்டில் யாரும் சண்டை பிடிப்பதில்லை, எப்போது முடியும் என்று தெரிந்தால் அம்மாவும் உதவி செய்வார். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி கடித்த அந்தக் காலத்துக் கதையையும் கேளுங்கள், நிறையச் சொல்வார். ஆனால் வெறும் தேத்தண்ணியோடு பனங்கட்டி கடித்தால் அதுவும் இனிப்புத்தான், அதைக் கணக்கில் எடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். இதைக் கேட்கிறவர்களில் சீனி வருத்தத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இருந்தால், நீண்ட நேரம் பட்டினி கிடக்கும் முயற்சிகளை வைத்தியரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடும், அது ஆபத்து.

சரி தங்கச்சி, அந்த ஐந்தில் நான் முதலில் போனை எடுப்பேன், அதற்குக் காசும் வேண்டாம், சமையலும் மாற வேண்டாம். சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்து முன்விறாந்தையில் வையுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து கோப்பை கழுவியதும் போனை அங்கே கொண்டுபோய் வைப்பது, அவ்வளவுதான். முப்பது நாள். நாட்காட்டியில் முப்பத்தோராம் நாளைச் சுற்றி வட்டம் போடுங்கள். அன்றைக்கு, தொடர்வதா விடுவதா என்று முடிவெடுத்து எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். விட்டுவிட்டேன் என்றாலும் எழுதுங்கள், காத்திருப்பேன்.